பால்காட்டில் இடுக்கண் அழியாமை

‘இடுக்கண் அழியாமை’ என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அதற்கு உரை தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே பெர்ணாம் ஆறு வரை பரந்திருந்த தோட்டங்களில், 1930 முதல் 1945 வரை நம் முன்னோர் கழித்த பதினைந்து ஆண்டுகளை அறிந்தாலே போதும்.

இந்நாட்டின் முதல் வாணிப எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் இவ்வட்டாரத்திலேயே, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் தோன்றியது. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்குவது அவ்வூரே. தோட்டத்தை நிறுவியவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! பெயராவது தமிழாயிற்றே என்று மகிழ்வோர் மகிழட்டும். மலாயா வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அதே ஆண்டில்தான் நம்மவர் கூலியில் கை வைத்தனர்.

அதுகாறும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் கிடைத்து வந்தன. அவை 40-ஆகவும் 32-ஆகவும் குறைந்தன. 1932-இல் ரப்பர் விலை ராத்தலுக்கு ஏறத்தாழ 5 காசு என்னுமளவிற்கு வீழவே, கூலி இன்னும் சரிந்தது. வேலையற்றோரைக் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு திரும்பினர். எந்த வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்தார்களோ, அதே வறுமையின் வாயிலுக்கே மீண்டும் சென்றனர். எஞ்சியோர் லயத்தின் பின்புறத்தில் கீரையும் மரவள்ளியும் நட்டனர். ஆடு மாடு வளர்த்தனர். பெண்கள் விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்வெட்டுக்கு நடந்தனர்.

‘தமிழன் பொறுமைசாலி’ என்று துரைமார் புகழ்ந்ததுண்டு. அப்புகழ்ச்சியை நாம் ஐயத்தோடு ஏற்றல் நன்று. எதிர்த்துப் பேசாதவனையே அவர்கள் பொறுமைசாலி என்றனர். நம்மவருள் சிலரும் ‘தலையெழுத்து’ என்று அதற்குத் தத்துவம் கற்பித்தனர். ஆயின் துன்பத்தைத் தாங்குதல் வேறு. துன்பத்திற்குத் தலை வணங்குதல் வேறு. இவ்வேற்றுமையை 1941-ஆம் ஆண்டு துலக்கிக் காட்டிற்று.

அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை, கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகட்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்டிர் மானத்திற்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுதல். கள்ளுக்கடையை மூடுக என்று குடிப்பவனே கேட்டான்! தன் மனத் தளர்ச்சியை விற்றுப் பிறர் ஆதாயம் காண்பதை அவன் அறிந்துகொண்டான். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அரைவயிற்றுக் கஞ்சிக்காரனுக்குச் சைக்கிள் மரியாதை ஒரு கேடா என்று நகைத்தவர் இருக்கலாம். என் கருத்தில் அக்கோரிக்கைகளுள் தலையாயது அதுவே. பசித்தவனுக்கும் முதுகெலும்பு உண்டு என்பதை வேறெப்படிச் சொல்வது?

மே மாதத்தில் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் உயிரிழந்தனர்.

ஏழு மாதம் கழிந்தது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர்; 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ரப்பர் வாணிபம் நின்றது. அரிசி அரிதாயிற்று, மரவள்ளியே உணவு, சாக்குத் துணியே உடை. அந்தோ! அதனினும் பெருங்கேடு சயாம் ரயில் பாதை வடிவில் வந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பதினாயிரக் கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. 1943-இல் நேதாஜியின் படையிலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்து இளைஞரும் பெண்களும் சேர்ந்ததை நாட்டுப்பற்று ஒன்றால் மட்டும் விளக்கலாகாது. சயாமுக்குத் தப்பும் வழியாகவும் சிலர் அதைக் கண்டனர். அதனால் அவர்கள் பெருமை குறையுமோ? நான் அவ்வாறு எண்ணவில்லை.

கணவனைச் சயாமுக்குப் பறிகொடுத்து, இருக்கிறானா இறந்தானா என்னும் செய்தியும் வாராமல், லயத்தில் பிள்ளைகளோடு கிடந்த பெண்களைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகச் சில வரிகளே எழுதுகின்றன. விடுதலைப் பெயர் பொறித்த கொடி அவர்கள் கையில் இல்லை, மண்வெட்டி இருந்தது. பால்வெட்டு இல்லாத நாளில் கிழங்கு நட்டார்கள். ஒரு வீட்டில் உலை எரிந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஒரு கை கிடைத்தது.

ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பிழைத்தோர் பலர் 1945-இல் போர் ஓய்ந்த பின்னரே திரும்பினர். 1946-இல் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் எழுந்தன. சங்கம் அமைக்கும் உரிமையைக் கேட்ட நாதன் நாடு கடத்தப்பட்டு அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன.