ஒரே ரயில், இரு பார்வைகள்

வெஸ் ஆண்டர்சனின் 'தி டார்ஜிலிங் லிமிடெட்' 2007-இல் வெளிவந்தது. அதன் பார்வையாளர்கள் அப்போது முதலே இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். மூன்று சகோதரர்களின் ஆன்மிகப் பயணத்தைக் கண்டு ஓர் அணி முகம் சுளிக்கிறது. மற்றோர் அணி நெஞ்சம் நெகிழ்கிறது. இரு அணிகளின் வாதங்களையும் அருகருகே வைத்தால் எதிர்பாராத ஓர் ஒற்றுமை புலப்படுகிறது: இருவரும் சான்றாக எடுத்துக்காட்டுபவை பெரும்பாலும் அதே காட்சிகள்.

முதலில் ரயில். அதன் பெயரில் டார்ஜிலிங் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே ராஜஸ்தானத்துப் பாலை விரிகிறது. உண்மையான டார்ஜிலிங் மலை ரயில் இரண்டடி அகலப் பாதையில் மலையேறுவது என்று அறிந்த இந்தியப் பார்வையாளருக்கு இது உறுத்தும். ஓசை இனிமைக்காக ஓர் ஊர்ப் பெயரையும் நிற இனிமைக்காக வேறொரு நிலத்தையும் எடுத்துக் கோத்திருக்கிறார்கள் என்பது முகம் சுளிப்பவர்களின் குற்றச்சாட்டு. நெகிழ்பவர்கள் இந்த அலங்காரத்தை மறுப்பதில்லை. தண்டவாளத்தில் ஓடும் ரயிலே வழிதவறிப்போகும் கதையில் நிலவியல் துல்லியத்தை ஏன் தேட வேண்டும் என்று கேட்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ரயில் அரங்கத்துக்குள் போட்ட செட் அன்று. இந்திய ரயில்வேயின் பெட்டிகளைப் புதிதாக அலங்கரித்து, ஓடும்போதே படமெடுத்தார்கள். இந்தச் செய்தியும் இரு பக்கமும் பேசுகிறது. மெய்யான ரயிலைப் பொம்மையாக்கிவிட்டார் என்கிறார் ஒருவர். கனவொன்றை மெய்யான தண்டவாளத்தில் ஓடவிட்டார் என்கிறார் மற்றவர்.

இசையிலும் இதே நிலைதான். 'சாருலதா', 'தீன் கன்யா' ஆகியவற்றுக்கு சத்யஜித் ராய் அமைத்த இசையும், 'ஜல்சாகர்' படத்துக்கு விலாயத் கான் அமைத்த இசையும் இப்படத்தில் ஒலிக்கின்றன. ராயின் பாத்திரங்களுக்கென்று பிறந்த இசை, அமெரிக்க இளைஞர்களின் பின்னணிக்கு இரவல் போனதை முதல் அணி இழப்பாகக் கருதுகிறது. இரண்டாம் அணி அதை ஒரு மாணவன் ஆசானுக்குச் செய்யும் வணக்கமாகக் கேட்கிறது. ஆனால் ராயை அறிந்தவர்கள் இரு அணிகளிலும் இருக்கிறார்கள். ராயின் மீதான அன்பே ஒருவரைச் சினம்கொள்ள வைக்கிறது, மற்றவரை மகிழ வைக்கிறது.

பாத்திரங்களைப் பற்றிய வழக்கு இன்னும் கடுமையானது. ஆண்டர்சனின் படங்களில் வெள்ளையரல்லாதோர் எவ்வாறு கையாளப்படுகிறார்கள் என்பதைக் கடிந்து ஜோனா வைனர் 2007-இல் 'ஸ்லேட்' இதழில் எழுதினார். விமர்சகர் ராஜர் ஈபர்ட்டோ இந்தியா இங்கே சுற்றுலாக் காட்சியாகச் சுருங்கவில்லை என்று பாராட்டினார். இவ்விரு தீர்ப்புகளுக்கும் நடுவே நிற்பவள் ரயில் பணிப்பெண் ரீட்டா. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த அமரா கரணுக்கு இதுதான் முதல் திரைப்படம். அவர் ரீட்டாவுக்குக் கொடுத்திருக்கும் கூர்மையும் அலுப்பும் இரு அணிகளுக்கும் பிடித்திருக்கின்றன. அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதைப் படம் குறிப்பால் உணர்த்துகிறது என்கிறது ஓர் அணி. குறிப்போடு நிறுத்திக்கொண்டதே குறை என்கிறது மற்றது. அவளை இன்னும் சிறிது நேரம் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

வழக்கு உச்சம் பெறுவது ஆற்றங்கரையில். ஆற்றில் விழுந்த மூன்று சிறுவர்களில் ஒருவனைச் சகோதரர்களால் காப்பாற்ற முடியாமல் போகிறது. அவர்களில் ஒருவனான பீட்டர் சிறுவனின் உடலைச் சுமந்து கிராமத்துக்கு வருகிறான். இறுதிச் சடங்குக்குச் சகோதரர்கள் வெள்ளுடையில் புறப்படும் கணத்தில், படம் ஓராண்டு பின்னோக்கிச் சென்று நியூயார்க்கில் தந்தையின் இறுதிச் சடங்குக்கு அவர்கள் கிளம்பிய நாளைக் காட்டுகிறது. இந்த ஒரு வெட்டுதான் இரு அணிகளுக்கும் முதன்மைச் சான்று. ஓர் ஏழைச் சிறுவனின் சாவு செல்வந்தர்களின் மனக்காயத்துக்கு மருந்தாகிவிட்டது. ஒப்பாரி அடங்குமுன்பே கதை அவர்களுடையதாகிவிட்டது என்று ஓர் அணி வேதனைப்படுகிறது. துக்கத்தின் இயல்பே அதுதான். பிறர் வீட்டு எழவில்தான் நம் வீட்டுச் சாவுக்கு அழ வாய்க்கிறது என்று மற்ற அணி சொல்கிறது. இரு கூற்றும் உண்மை. ஒன்றின் உண்மை மற்றதன் உண்மையைக் குறைப்பதில்லை.

இதே பகுதியில் இரு அணிகளுக்கும் இடையே இன்னொரு உறவும் தெரிகிறது. படம் முழுவதும் எரிச்சலோடு அமர்ந்திருந்தவர்கூடச் சிறுவனின் தந்தையாக வரும் இர்ஃபான் கானின் முகத்தின் முன் அமைதியாகிறார். படத்தின் வண்ணங்களில் மயங்கியிருந்தவரும் அங்கே வண்ணத்தை மறக்கிறார். மிகக் குறைந்த பேச்சில் அந்த நடிகர் செய்து முடித்தது, நீண்ட வாதங்கள் செய்ய இயலாத ஒன்று: பிளந்து நின்ற அரங்கைச் சில நிமிடம் ஒரே மனதாக்கினார்.

இறுதிப் பகுதியில், ஓடும் ரயிலைப் பிடிக்கச் சகோதரர்கள் தங்கள் தந்தையின் பெட்டிகளை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். சுமையை உதறுவது என்ற உருவகம் வெளிப்படையாக இருக்கிறது என்பதில் இரு அணிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வெளிப்படைத்தன்மை கலைக்குறை என்பார் ஒருவர். பிளாஸ்டிக் உறையிட்ட பயணத் திட்டத்தோடு ஞானம் தேடப் புறப்பட்டவர்களுக்கு இத்தகைய எளிய விடுதலையே பொருந்தும் என்பார் மற்றவர்.

இந்த வேறுபாடுகளின் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது: சகோதரர்களின் குருட்டுத்தனத்தைப் படம் நமக்குக் காட்டுகிறதா, அல்லது படமும் அதே குருட்டுத்தனத்தோடு பார்க்கிறதா? என் கணிப்பில், பெரும்பகுதி காட்டுகிறது. நச்சுப் பாம்பை வாங்கிவந்து ரயிலிலிருந்து வெளியேற்றப்படும் இவர்களைப் படம் ஒருபோதும் சான்றோராக உயர்த்தவில்லை. ஆயினும் ரீட்டாவிடத்திலும் இறந்த சிறுவனிடத்திலும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அங்கே முகம் சுளிப்பவர்களின் பக்கமே நியாயம் மிகுந்திருக்கிறது. துக்கத்தை அறிந்த விதத்தில் நெகிழ்பவர்கள் சரி. யாருடைய துக்கத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்ட விதத்தில் மறுப்பவர்கள் சரி.

ஆகவே படத்தை மறுபடி பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அதை விரும்பியவரானால், இம்முறை ரீட்டாவைப் பின்தொடருங்கள். வெறுத்தவரானால், ஆற்றிலிருந்து கரையேறிய பிறகு பீட்டரைப் பின்தொடருங்கள். எதிர் அணியின் கண்ணை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதுக்கு இரவல் வாங்கிப் பார்ப்பவருக்கே இந்தப் படம் முழுமையாகக் கிடைக்கும்.