தமிழ்த் திரை ரசிகர் மன்றங்கள்: சேர்க்கையும் பூசலும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் நிறுவிய இந்நிறுவனம், எம்.ஜி.ஆர். நடிக்க 'மந்திரி குமாரி' (1950), சிவாஜி நடிக்க 'திரும்பிப் பார்' (1953) ஆகிய படங்களை எடுத்தது. இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. ஆனால் இவ்விரு நடிகர்களின் ரசிகர்களும் பின்னர் எதிரெதிர் அணிகளாயினர். எதிரணியின் சுவரொட்டியில் சாணி அடிப்பது அக்காலத்தில் சாதாரணம்.

மன்றங்கள் படிப்பையோ பணத்தையோ கேட்கவில்லை. கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் அங்கே செயலாளர் ஆகலாம். வேறெந்தச் சங்கம் அவர்களுக்கு அந்த நாற்காலியைத் தந்தது? பெண்களுக்கு மட்டும் அது கிட்டவில்லை. எம்.ஜி.ஆர். படங்களுக்குக் கொட்டகையை நிறைத்தவர்களில் பெண்கள் ஏராளம். மன்ற உறுப்பினர்களோ பெரும்பாலும் இளைஞர்களே.

பூசல் ஓர் அணிக்குள்ளும் எழுந்தது. கருணாநிதியின் மகன் மு.க.முத்து 'பிள்ளையோ பிள்ளை' (1972) படத்தில் அறிமுகமானபோது, அவர் பெயரில் மன்றங்கள் முளைத்தன. எம்.ஜி.ஆர். மன்றத்தினர் கொதித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது, அம்மன்றங்களே கட்சிக் கிளைகளாயின.

2011-இல் அஜித் தம் மன்றங்களைக் கலைத்தார். சண்டை ஓயவில்லை, கைப்பேசிக்கு இடம் மாறியது. இணையத்தில் பெண்களும் தம் பெயரிலேயே படங்களைப் பற்றி எழுதுகிறார்கள். 2017-இல் விஜய் நடித்த 'சுறா' படத்தைக் குறைத்து எழுதிய பெண் இதழாளர் ஒருவர்மீது அவருடைய ரசிகர்கள் வசைமாரி பொழிந்தனர். பெண்களை மதியுங்கள் என்று விஜயே அறிக்கை விட நேர்ந்தது.