பட்டம் இல்லாத பேராசிரியர்

இன்ஜினியருக்கும் பிரெஞ்சு இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்னு நம்ம பேட்ச் நண்பர்கள் கேட்கக்கூடும். மெஷினைப் பிரித்துப் பார்ப்பது மாதிரி கதையையும் படத்தையும் பிரித்துப் பார்த்த ஒரு வாத்தியார் இருந்தார். பெயர் ரோலான் பார்த்.

1915-ல் பிரான்சின் ஷெர்பூர் நகரில் பிறந்தார். கடற்படையில் இருந்த அப்பா உலகப் போரில் இறந்தபோது பிள்ளைக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. அம்மா ஆன்ரியெத் புத்தக பைண்டிங் வேலை செய்து வளர்த்தார். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் 1934-ல் காசநோய் வந்தது. உயர்கல்லூரி நுழைவுத்தேர்வு போச்சு. 1941-ல் நோய் திரும்பியது; ஆசிரியப் பணிக்கான பெரிய போட்டித்தேர்வும் போச்சு. பிறகு வருஷக்கணக்கில் சானடோரியம். டாக்டர் பட்டம் கடைசிவரை வாங்கவில்லை. புக்கரெஸ்ட், அலெக்சாந்திரியா என்று வெளிநாடுகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்.

1964-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையைக் கேளுங்கள். விஷயம், 'பன்சானி' பாஸ்தா விளம்பரம். பாதி திறந்த வலைப்பை. அதிலிருந்து பாக்கெட்டும் தக்காளியும் குடைமிளகாயும் சரிகின்றன. இப்போதுதான் சந்தையிலிருந்து வந்த புதுசு என்கிறது பை. இத்தாலிச் சமையல் என்கின்றன தக்காளியும் வண்ணங்களும். ஆனால் அந்த இத்தாலி வாசனை பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் அடிக்கும், இத்தாலியருக்கு அது வெறும் தக்காளி என்கிறார் பார்த்! மளிகை விளம்பரத்தில் இவ்வளவா?

1970-ல் பால்சாக்கின் 'சாராசின்' என்ற சிறிய கதையை, ஒரு சிற்பியின் காதலைச் சொல்லும் கதை அது, 561 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் விளக்கினார். (முழுசும் படிக்கப் பொறுமை வேணும், சொல்லிட்டேன்.) எனக்குப் பிடித்தது இதுதான்: பால்சாக்குக்கு ஒரு கவனிப்பு, பாஸ்தாவுக்கு ஒரு கவனிப்பு என்று அவர் பேதம் பார்க்கவில்லை.

1977 ஜனவரியில் 'கொலேஜ் து பிரான்ஸ்' பேராசிரியராக முதல் உரை நிகழ்த்தினார். 1530-ல் தொடங்கிய நிறுவனம் அது. பரீட்சை கிடையாது, பட்டம் தருவதும் கிடையாது, யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். பொருத்தமான இடம்தான்!

அதே அக்டோபரில் அம்மா காலமானார். அவரது பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஐந்து வயசுச் சிறுமியாக, கண்ணாடிக்கூரை போட்ட செடிக்கூடத்தில் அண்ணனோடு நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. புகைப்படக் கலை பற்றிய அவரது கடைசிப் புத்தகம் அந்தப் படத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டது. புத்தகத்தில் எத்தனையோ படங்கள் உண்டு, அது மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய போட்டோ, அவ்வளவுதானே என்றார். ஊர் விளம்பரத்தையெல்லாம் பிரித்துப் போட்டவர் அதை யாருக்கும் காட்டவில்லை.

புத்தகம் 1980 தொடக்கத்தில் வெளிவந்தது. பிப்ரவரி 25 அன்று பாரிஸில் தெருவைக் கடக்கும்போது சலவைக்கடை வேன் மோதி, மார்ச் 26-ல் காலமானார். வயசு 64.