ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி: இராமநாதபுரம் கடற்கரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர் அதன் ஒலிகளையும் சொல் அழுத்தத்தையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் கேட்பவருக்குப் புரியும்படி பழகிக்கொள்வது உச்சரிப்புப் பயிற்சி எனப்படும். இக்கட்டுரை கடலாடி வட்டத்துச் சிக்கலையும் அதைச் சூழ்ந்த இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. (நாகப்பட்டினம் அருகே சிங்காரவேலர் கோயில் உள்ள சிக்கல் வேறு ஊர்.) வானம் பார்த்த வயலும் பனையும் முண்டு மிளகாயும் வாலிநோக்கத்து உப்பளமும் உள்ள இந்தச் சீமையில் ஆங்கிலம் முதலில் பள்ளிப் பாடமாக வருகிறது. பிறகு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிழைப்பு மொழியாகிறது. அங்கே எதிரில் நிற்பவர் பெரும்பாலும் ஆங்கிலேயர் அல்லர். மலையாளி, பிலிப்பைன்ஸ்காரர், அரபி, சீனர். ஆகவே யாருக்குப் புரிய வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை, அமெரிக்க வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் அழைப்பு மையத்தின் விடையாக இருக்க முடியாது.

வரலாறு

இப்பகுதியில் ஆங்கிலப் பள்ளிக்கு வித்திட்டவர்களுள் ஒருவரின் தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்பது சுவையான செய்தி. பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் (1726–1798), தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனுடன் சேர்ந்து, 1785ஐ ஒட்டித் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமையக் காரணமானார். இங்கே ஆங்கிலப் பள்ளி எழுந்ததில் அம்மொழியை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒருவருக்கும் பங்கு உண்டு.

இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பெயரைத் தாங்கிய பள்ளியில் படித்தவர் இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். குடியரசுத் தலைவராக அவர் 2007 ஏப்ரல் 25 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் உரையாற்றினார். அவருடைய ஆங்கிலம் கடைசிவரை தமிழ் வாடை மாறாதது. வாக்கியங்களைச் சிறு துண்டுகளாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். முக்கியமானதை அவையோரையும் திருப்பிச் சொல்ல வைப்பார். இவருக்கு மறுகோடியில் வலங்கைமான் ச. சீனிவாச சாஸ்திரியை (1869–1946) வைக்கலாம். ஆங்கில உச்சரிப்பில் அப்பழுக்கற்றவர் என்று பெயரெடுத்து, பேரரசின் வெள்ளிநா பேச்சாளர் என்று புகழப்பட்டவர் அவர். கற்பவர்களின் கனவில் இன்னும் சாஸ்திரிதான் வருகிறார்; எட்டக்கூடிய இலக்கு கலாமுடையது.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அவர்கள் இன்னும் பலருக்குத் தர, உருண்டு பெருகும் முறை என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வந்தது. சமவெளியில் பனிப்பந்தைக் கண்டவர் யாருமில்லை என்பது வேறு விஷயம். ஐதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் ஒலியியலை ஆசிரியர் பயிற்சியின் பகுதியாக்கியது. தி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்களுக்கென எழுதிய ஆங்கில ஒலியியல் பாடநூல் 1981இல் வெளிவந்தது. 2000க்குப் பின் அழைப்பு மையங்கள் ‘எம்.டி.ஐ.’ என்ற சொல்லைப் பரப்பின. தாய்மொழித் தாக்கம் என்பதன் சுருக்கமான இதை, ஏதோ நோயின் பெயரைப் போலச் சொல்லும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது.

தமிழ் நாவும் ஆங்கில ஒலியும்

தாய்மொழித் தாக்கம் தாறுமாறானதன்று, விதிப்படி நடப்பது. அந்த விதிகளில் பெரும்பாலானவை பள்ளித் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு புக்கு, பஸ்ஸு, கப்பு என்றாகிறது. ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் இராமநாதபுரத்தின் முன்னால் இகரம் வந்தது. பள்ளிக்கூடம் ‘இஸ்கூல்’ ஆனதும் அதே போன்ற துணை உயிரால்தான். சொல் தொடக்கத்தில் மெய்கள் கூடி நிற்பதைத் தமிழ் நா ஏற்காது; ரயில் நிலையம் கிராமத்து வாயில் ‘டேசன்’ ஆகிவிடும். கேட்பவருக்கு இந்தக் கூடுதல் அசை சொல்லையே மாற்றிக் காட்டும். பழகும் வழி எளிது: கப் என்று சொல்லி உதடுகளை மூடியபடியே நிறுத்திவிட வேண்டும். திறந்தால் உகரம் உள்ளே வந்துவிடும்.

வல்லினத்தின் நடத்தை அடுத்தது. தமிழில் ஒரே ககரம் சொல் முதலில் ஒரு விதமாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்ந்தும், உயிர்களுக்கு இடையே மென்மையாகவும் ஒலிக்கும். இடத்தை வைத்தே ஒலி முடிவாகிவிடுவதால் தமிழருக்கு இந்த வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்கவேண்டிய தேவை இல்லை. ஆங்கிலத்தில் அது பொருளையே மாற்றும். கடற்கரைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு, நங்கூரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கோபத்தைக் குறிக்கும் சொல்லும். இரண்டுக்கும் வேறுபாடு நடுவிலுள்ள ககரம் அதிர்கிறதா இல்லையா என்பது மட்டுமே. நம் வாயில் இரண்டுமே ‘ஆங்கர்’, இரண்டிலும் அதிர்வு. அங்கிள், சிம்பிள், டெம்பிள் எல்லாவற்றிலும் மெல்லினத்தை அடுத்த வல்லினம் இப்படித்தான் நெகிழ்கிறது. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு கைக்குத் தெரியும். லெட்டர், பட்டர், சம்மர் என்று ஆங்கில மெய்யை இரட்டித்துச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. இரட்டித்தால்தான் தமிழ் வல்லினம் உயிர்களுக்கு நடுவே நெகிழாமல் நிற்கும். ஆங்கிலேயர் சொல்லுக்குள் இரட்டிப்பதில்லை. எழுத்தில் மட்டுமே இரண்டு இருக்கும்.

ஆங்கிலத்தின் டகர ஒலிக்கு நாக்கை மேலண்ணத்துக்கு வளைக்க வேண்டாம். மேற்பல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் நுனிநாக்கை வைத்தால் போதும். அந்த இடம் தமிழுக்குப் புதிதன்று. பழைய றகரத்தின் இடம் அது. தமிழகத்தில் காற்று ‘காத்து’ ஆகிவிட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ‘ற்ற’ இன்னும் அதே மேட்டில்தான் ஒலிக்கிறது. அதனால்தான் இலங்கைத் தமிழர் கனடா நகரத்தை ‘ரொறன்ரோ’ என்றும் கணினியைக் ‘கொம்பியூற்றர்’ என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில ஒலிக்கு நம் ‘கம்ப்யூட்டர்’ என்பதைவிட அது நெருக்கமானது. 1983க்குப் பின் ஈழத்து அகதிகள் வந்து தங்கிய மண்டபம் முகாமில் இந்த ஒலியைக் கேட்கலாம். ஆங்கில டகரம் பழக விரும்பும் கரையோர மாணவர் லண்டன் ஒலிப்பதிவைத் தேடுமுன் ‘வெற்றி’ என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லக் கேட்பது நல்லது.

நன்னூலின் எழுத்துப் பிறப்பும் இங்கே கைகொடுக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொட வகரம் பிறக்கும் என்று அது சொல்கிறது. அன்றாடப் பேச்சில் நாம் அவ்வளவு அழுத்தித் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் தொட்டே ஆக வேண்டும். ஆங்கிலத்தின் இன்னொரு வகரத்தில் பல்லுக்கு வேலையே இல்லை. உகரம் சொல்வது போல உதட்டைக் குவித்துத் திறக்க வேண்டும். மேற்கைக் குறிக்கும் சொல்லும் உள்பனியனைக் குறிக்கும் சொல்லும் இதில்தான் பிரிகின்றன.

ஃபகரமும், அதிரும் ஸகரமும், பற்களிடையே காற்றை விட்டுச் சொல்லும் இரண்டு தகரச் சாயல் ஒலிகளும் தமிழில் இல்லாதவை. ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி ஊர்களில் குர்ஆன் ஓதப் பழகும் சிறுவர்களுக்கு இவை அந்நியமல்ல. ஓதும் முறையைக் கற்பிக்கும் தஜ்வீத் பாடத்தில் ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடமான மக்ரஜைத் தனித்தனியே சொல்லித் தருகிறார்கள். அரபியின் ‘தா’, ‘தால்’ வகை எழுத்துகளில் இரண்டை நாநுனியை மேற்பல் விளிம்பில் வைத்துத்தான் ஓத வேண்டும். ஆங்கிலத்தின் அந்த இரு ஒலிகளுக்கும் அதுவே இடம். இந்தத் தேர்ச்சியை ஆங்கில வகுப்பில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. ஓதும்போது சரியாக வரும் ஒலி ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் காணாமல் போகிறது.

உயிர்களில் தமிழருக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. கல்–கால், படம்–பாடம் என்று மாத்திரை பார்த்து வளர்ந்த காதுக்குக் கப்பலையும் செம்மறியாட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் குழம்புவதில்லை. ஸ்பானியரை அவை பாடாய்ப் படுத்தும். மாறாக, சொல் முதலில் எகரம் யகரத்தோடும் ஒகரம் வகரத்தோடும் கிளம்புவது நம் வழக்கம். எட்டு ‘யெட்டு’ ஆவது போலவே ‘யெம்மே’ பட்டமும் ‘வோன்லி’யும் வருகின்றன. காதும் ஆண்டும் ஆங்கிலத்தில் ஒரு யகரத்தால் மட்டுமே வேறுபடுவதால் இது சிறு பிழையன்று. மட்டையையும் தூண்டில் இரையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டுமே நம்மிடம் ‘பேட்’ ஆவதும் பொருளைக் குழப்பும். முதலாவதற்கு ஏகாரத்தைவிட வாய் நன்கு திறக்க வேண்டும்.

அழுத்தம்

தனி ஒலி மட்டுமன்று, சொல் அழுத்தமும் பெரிதாகக் குழப்பும். தமிழில் அசைகள் மாத்திரைக் கணக்கில் நடக்கின்றன. எந்த அசையும் விழுங்கப்படுவதில்லை. ஆங்கிலம் ஓர் அசையை ஓங்கிச் சொல்லி மற்றவற்றை மங்கவிடும். ‘ஹோட்டல்’ என்று நாம் முதலசையை எடுத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பலம் இரண்டாம் அசைக்கு. புகைப்படம், புகைப்படக்காரர், புகைப்படம் சார்ந்த என்ற மூன்று பொருளுக்கும் ஒரே வேரிலிருந்து வரும் ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் முதல், இரண்டாம், மூன்றாம் அசை என்று நகர்ந்துகொண்டே போகும். நாம் மூன்றையும் ‘போட்டோ’ என்றே தொடங்கிவிடுகிறோம். ரா. கி. பன்சல் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்குப் புரியாமல் போவதற்கு அழுத்தம் இடம் மாறுவதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. மங்கிய உயிரைப் பழகக் குற்றியலுகரம் உதவும். ‘பட்டு’ என்பதன் ஈற்றில் உதடு குவியாமல் அரை மாத்திரையில் தேய்கிறதே, ஏறக்குறைய அந்த ஒலியைத்தான் ஆங்கிலம் அழுத்தமில்லாத அசைகளில் பெரும்பாலும் போடுகிறது.

எவ்வளவு மாற வேண்டும்

தாய்மொழியின் பிடி கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட கனடிய ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் தகர டகர வேறுபாட்டைக் கேட்டறிந்தனர். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கியது. நமக்கு ஆங்கில வகரங்கள் ஒன்றாகக் கேட்பது போலவே அவர்களுக்கு நம் தகரமும் டகரமும் ஒன்றாகிவிடுகின்றன. வயதுவந்த பின் பிறமொழி வாடை முற்றிலும் நீங்குவது அரிது. ஆனால் அது நீங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆய்வாளர்கள் மன்ரோவும் டெர்விங்கும் 1995இல், வாடை மிகுந்த பேச்சும் முழுக்கப் புரியக்கூடும் என்று காட்டினர். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூல், ஆங்கிலேயரல்லாதார் தமக்குள் பேசும்போது உயிரின் நீளம், மெய்க்கூட்டம், வாக்கியத்தில் முக்கியச் சொல்லின் அழுத்தம் ஆகியவை இன்றியமையாதவற்றுள் அடங்கும் என்றது. பற்களிடை ஒலிகளை விட்டுவிடலாம் என்றது. வளைகுடாவுக்குப் போகும் சிக்கல் இளைஞருக்கு இது நேராகப் பொருந்தும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் உச்சரிப்பு நான்கு அளவுகோல்களில் ஒன்று. புரியும்படி பேசினால் எந்த நாட்டு வாடைக்கும் மதிப்பெண் குறையாது. ‘முப்பது நாளில் அமெரிக்க உச்சரிப்பு’ என்ற சுவரொட்டிக்குப் பணம் கட்டுவது வீண்.

பயிற்சி

அகராதியில் அழுத்தமுள்ள அசைக்கு முன் மேலே சிறு கோடு இருக்கும். புதுச் சொல்லின் பொருளோடு அந்தக் கோட்டையும் குறித்துக்கொள்வது முதல் பழக்கம். ஒலியால் மட்டும் வேறுபடும் இணைச்சொற்களை, பேசுமுன் காதால் பிரித்தறியப் பழக வேண்டும். காதுக்குத் தெரியாததை நாக்கு சொல்லாது. ஒருவர் பேசுவதைக் கேட்டபடியே, அரை நொடி பின்னால், அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்திச் சொல்லிப் போவது ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றது. வேகம் தேவையில்லை. தமிழர் ஆங்கிலம் பிறருக்குப் பிடிபடாமல் போவதில் வேகத்துக்கும் பங்குண்டு.

தன் குரலைக் கைபேசியில் பதிந்து கேட்பதைவிட, பாடத்தைப் படிக்காத ஒருவரிடம் அந்தப் பதிவைக் கொடுத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்வது நல்ல சோதனை. அவர் வேறு மொழிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. தமிழர் நம் பிழையைத் தாமே திருத்திக் கேட்டுவிடுவார். அவர் தவறாக எழுதிய சொற்களை எடுத்து அடுத்த வாரம் பழகலாம்.