துணைவினவல் நெடுவரிசை

துணைவினவல் நெடுவரிசை என்பது, ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு தரவுத்தள வினவலின் ஒவ்வொரு கிடைவரிசைக்கும், வேறொரு சிறு வினவலின் விடையைக் கூடுதல் நெடுவரிசையாகச் சேர்க்கும் முறை ஆகும். இது எஸ்கியூஎல் மொழியின் வசதி. பைத்தான் மொழியில் எஸ்கியூஎல்ஆல்கெமி, ஜாங்கோ ஆகியவற்றின் வழியாக இதனை எழுதலாம்.

தேவை

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபு 'பாடு' எனப்படுகிறது. இத்தகைய ஊர்களுக்கு ஊர், படகு, வலை என மூன்று அட்டவணைகள் கொண்ட ஒரு தரவுத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். ஓர் ஊரில் 3 படகுகளும் 4 வலைகளும் பதிவாகியிருந்தால், மூன்று அட்டவணைகளையும் நேராக இணைக்கும்போது அவ்வூருக்கு 3 × 4 = 12 கிடைவரிசைகள் உருவாகும். எண்ணிப் பார்த்தால் படகும் 12, வலையும் 12. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தவறான எண்ணே பட்டியலில் ஏறி, நிவாரணக் கணக்கு வரை செல்லக்கூடும்.

தனித்த பதிவுகளை மட்டும் எண்ணுமாறு பணித்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் வலைகளின் மொத்த நீளத்திற்கு இவ்வழி உதவாது. ஒரே நீளமுள்ள இரு வலைகள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, கூட்டுத்தொகை குறைந்துவிடும். துணைவினவலோ ஒவ்வோர் ஊருக்கும் படகுகளைத் தனியாகவும் வலைகளைத் தனியாகவும் கணக்கிடுவதால் பெருக்கம் நேர்வதில்லை.

பைத்தானில்

எஸ்கியூஎல்ஆல்கெமியில் துணைவினவலை 'ஸ்கேலர் சப்கொயரி' என்னும் செயற்கூறால் ஒற்றை மதிப்பாக்கி, பெயரிட்டு, 'ஆட் காலம்ஸ்' மூலம் பழைய வினவலுடன் சேர்க்கலாம். இச்செயற்கூறு 2021 இல் வெளிவந்த 1.4 பதிப்பில் இப்பெயரைப் பெற்றது. 'ஆட் காலம்ஸ்' பழைய வினவலை மாற்றுவதில்லை, புதியதொன்றைத் திருப்பித் தருகிறது. அதனை ஒரு மாறியில் ஏற்காமல் விடுவது தொடக்கநிலையாளர் பலரும் செய்யும் தவறு.

ஜாங்கோவில் 'சப்கொயரி', 'அவுட்டர்ரெஃப்' ஆகியவை 2017 இல் வெளியான 1.11 பதிப்பில் அறிமுகமாயின. பின்னது, உள்வினவலிலிருந்து வெளிவினவலின் ஊரைச் சுட்டுகிறது. 'அனொட்டேட்' மூலம் இரண்டு தொகுப்புக் கணக்குகளை ஒருங்கே சேர்த்தால் தவறான விடை வரும் என்று ஜாங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது.

கவனிக்க வேண்டியவை

துணைவினவல் ஒரேயொரு மதிப்பையே தர வேண்டும். பல கிடைவரிசைகள் வந்தால் போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் பிழை காட்டும். எஸ்கியூலைட் முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு வாளாவிருக்கும். வலையே பதிவாகாத ஊருக்கு எண்ணிக்கை 0 எனக் கிடைத்தாலும், கூட்டுத்தொகை வெற்றுமதிப்பாகவே வரும். அதனைச் சுழியாக மாற்ற 'கோலெஸ்' பயன்படுகிறது. படகு, வலை அட்டவணைகளில் ஊர் எண்ணுக்குச் சுட்டுவரிசை அமைக்காவிடின், பெரிய தரவுத்தளங்களில் இம்முறை மிகவும் மெதுவாக இயங்கக்கூடும்.