பிலிப்ஸ், டேவிட் கிரகாம் (1867–1911)

அமெரிக்க இதழாளர், நாவலாசிரியர். அரசியல்வாதிகளும் பெருமுதலாளிகளும் கைகோத்து நடத்திய முறைகேடுகளை அம்பலப்படுத்திய இதழாளர் தலைமுறையில் முன்வரிசையில் இருந்தவர். இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். எனினும் இன்று அவர் பெரும்பாலும் 1906-இல் எழுதிய ஒன்பது கட்டுரைகளுக்காகவே நினைக்கப்படுகிறார்.

இளமையும் செய்தியாளர் பணியும்

இந்தியானா மாநிலத்தில் ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள மாடிசன் நகரில் 1867 அக்டோபர் 31 அன்று பிறந்தார். ஆஸ்பரி பல்கலைக்கழகத்தில் (இன்றைய டிபா) படித்தபோது, பின்னாளில் செனட் உறுப்பினரான ஆல்பர்ட் பெவரிட்ஜ் அவருடைய அறைத்தோழர். 1887-இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றார். சின்சினாட்டி நாளிதழ்களில் தொழில் பழகி, 1890-இல் நியூயார்க் ‘சன்’ இதழிலும், 1893-இல் ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்ட்’ இதழிலும் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூனில் பிரிட்டனின் ‘விக்டோரியா’ போர்க்கப்பல் திரிபோலிக்கு அருகே இன்னொரு போர்க்கப்பல் மோதி மூழ்கியது. லண்டன் செய்தியாளராயிருந்த பிலிப்ஸ் அனுப்பிய விவரம் பிரிட்டிஷ் இதழ்களையே முந்தியது என்பர்.

1901-இல் ஜான் கிரகாம் என்ற புனைபெயரில் ‘தி கிரேட் காட் சக்சஸ்’ என்னும் முதல் நாவலை வெளியிட்டார். கொள்கையோடு தொடங்கிப் பணத்துக்கு விலைபோகும் இதழாசிரியர் ஒருவரின் கதை அது. அதில் தம் சாயலைக் கண்டு புலிட்சர் மனம் வருந்தினார் என்றும், அதுவே பிலிப்ஸ் ‘வேர்ல்ட்’ இதழைப் பிரிந்ததற்குக் காரணம் என்றும் சிலர் எழுதியுள்ளனர். முழுநேரம் எழுதும் விருப்பத்தால் தாமே விலகினார் என்போரும் உளர். 1902-க்குப் பின் அவர் எந்த நாளிதழிலும் வேலை செய்யவில்லை.

‘செனட்டின் துரோகம்’

அக்காலத்தில் செனட் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. சட்டமன்றத்தைக் கையில் வைத்திருக்கும் ரயில்வே, எண்ணெய், காப்பீட்டு நிறுவனங்கள் தமக்கு வேண்டியவரை செனட்டுக்கு அனுப்ப முடிந்தது. இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் முதலில் இதழாளர் சார்லஸ் எட்வர்ட் ரசலுக்குத் தோன்றியதாகக் கூறுவர். வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் நடத்திய ‘காஸ்மாபாலிட்டன்’ மாத இதழ் அப்பணியை பிலிப்ஸிடம் ஒப்படைத்தது. தரவு திரட்ட உதவியவர்களில் வரலாற்றாளர் கஸ்டவஸ் மையர்ஸ் ஒருவர்.

தொடர் 1906 மார்ச் முதல் நவம்பர் வரை வந்தது. தேசத்துரோகம் எது என்று அமெரிக்க அரசியலமைப்பு தரும் வரையறை தொடரின் தலைப்பில் அச்சிடப்பட்டது. முதல் கட்டுரை நியூயார்க் உறுப்பினர் சான்சி டெப்யூவைப் பற்றியது. அவர் வாண்டர்பில்ட் குடும்பத்து ரயில்வேயின் ஆள். ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆண்டுக்கு 20,000 டாலர் பெற்றுவந்தவர். அடுத்த இலக்கு ரோட் ஐலண்டின் நெல்சன் ஆல்ட்ரிச். அவருடைய மகள் 1901-இல் எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் ஒரே மகனை மணந்திருந்ததை பிலிப்ஸ் சுட்டிக்காட்டத் தவறவில்லை. குடியரசுக் கட்சியின் ஆல்ட்ரிச்சும் ஜனநாயகக் கட்சியின் ஆர்தர் கோர்மனும் வெளியே எதிரிகள், உள்ளே கூட்டாளிகள் என்பதே தொடரின் மையக் குற்றச்சாட்டு. ஹென்றி காபட் லாட்ஜ் போன்ற பெரிய புள்ளிகளும் தப்பவில்லை.

இதழின் விற்பனை ஏறியது, கண்டனமும் ஏறியது. வசை மிகுதி, சான்று குறைவு, பல தகவல்கள் முன்பே அச்சானவை என்று எதிர்ப்பாளர்கள் கூறினர். முதல் கட்டுரையின் அச்சுப்படியைப் பார்த்த ஹெர்ஸ்டே கூடுதல் ஆதாரம் கேட்டு மாற்றி எழுதச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஹெர்ஸ்ட் அப்போது கீழவை உறுப்பினர்; அவ்வாண்டே நியூயார்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். எனவே தொடரின் நோக்கம் பற்றிய ஐயமும் எழுந்தது.

குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் 1906 ஏப்ரல் 14 அன்று ஆற்றிய உரையில், ஜான் பனியனின் கதையில் தலைநிமிராமல் குப்பை கிளறும் மனிதனோடு இத்தகைய எழுத்தாளர்களை ஒப்பிட்டார். பெயர் சொல்லாவிட்டாலும் பிலிப்ஸையே குறித்தார் என்று பலரும் கருதினர். ‘குப்பை கிளறுபவர்’ என்ற அந்தப் பட்டப்பெயர் பிலிப்ஸைப் புண்படுத்தியதென்று நண்பர்கள் கூறியுள்ளனர்.

செனட்டுக்கு நேரடித் தேர்தல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் 1913-இல் நிறைவேறியது. இதில் தொடரின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்தொற்றுமை இல்லை. கீழவை 1893 முதலே இத்தகைய தீர்மானங்களை நிறைவேற்றி வந்தது. செனட்தான் தடுத்து வந்தது. தொடர் அந்தத் தடையைத் தளர்த்தியது என்ற அளவில் பலர் ஏற்கின்றனர்.

நாவல்கள்

பிலிப்ஸ் இரவு பதினொரு மணியளவில் தொடங்கி விடியும்வரை, உயரமான சாய்மேசை முன் நின்றுகொண்டே எழுதுவார். உடையில் மிடுக்கு உண்டு. வெள்ளை உடுப்பும் சட்டை மடிப்பில் பெரிய செவ்வந்திப் பூவும் நண்பர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘தி பிளம் ட்ரீ’ (1905) கட்சியை ஆட்டிவைப்போரையும், ‘தி டெல்யூஜ்’ (1905) பங்குச் சந்தையையும், ‘லைட்-ஃபிங்கர்ட் ஜென்ட்ரி’ (1907) காப்பீட்டு ஊழலையும் பேசுகின்றன. பிற்கால நாவல்கள் திருமணம், பெண்ணின் பொருளாதாரச் சார்பு ஆகியவற்றின் பக்கம் திரும்பின. விமர்சகர் எச். எல். மென்கென் அவரை முதன்மையான அமெரிக்க நாவலாசிரியராக மதித்தார். செய்தித்தாள் நடை கதையைக் கெடுத்தது என்பது மறுதரப்பு.

கொலை

1911 ஜனவரி 23 அன்று நியூயார்க் கிராமர்சி பூங்கா அருகே, பிரின்ஸ்டன் சங்கத்துக்கு நடந்து சென்றபோது ஃபிட்ஸ்ஹியூ கோய்ல் கோல்ட்ஸ்பரோ என்ற வயலின் கலைஞர் அவரை ஆறு முறை சுட்டு, தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். பிலிப்ஸ் மறுநாள் உயிர்துறந்தார். ‘தி ஃபேஷனபிள் அட்வென்சர்ஸ் ஆஃப் ஜோஷுவா கிரெய்க்’ (1909) நாவல் தம் சகோதரியை இழிவுபடுத்துகிறது என்று கொலையாளி நம்பினார். அதற்கு அடிப்படை இருந்ததாகத் தெரியவில்லை. நாவலின் நாயகனுக்கு பெவரிட்ஜே முன்மாதிரி என்ற கருத்து உண்டு.

மறைவுக்குப் பின்

‘சூசன் லெனாக்ஸ்’ 1917-இல் இரு தொகுதிகளாக வந்தது. முரட்டு உழவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண் ஓடிப்போய், கூலிவேலையும் விபசாரமும் கடந்து நடிகையாகும் கதை. ஒழுக்கக் காவல் சங்கம் எதிர்த்ததால் பதிப்பகம் சில பகுதிகளை நீக்கியது. 1931-இல் கிரேட்டா கார்போ நடிப்பில் படமானது. செனட் கட்டுரைகள் பின்னர் நூலாயின. பிற நாவல்களுக்கு இன்று வாசகர் குறைவு.