வெஃகல்

வெஃகல் என்பது பிறர்க்குரிய பொருளைத் தனதாக்கிக்கொள்ள விரும்புதல். இன்று பேராசை என்று பொதுப்படச் சொல்வதற்குப் பழந்தமிழில் வழங்கிய சொற்களுள் ஒன்று. இதன் வினையடி வெஃகு. தொல்காப்பிய உரியியல் வெம்மைக்கு விருப்பம் என்ற பொருளும் தருவதால் இரண்டையும் ஒரே வேரில் வைப்பார் உண்டு. அது முடிந்த முடிபன்று.

இச்சொல்லின் பொருளெல்லையைத் துலக்குவது திருக்குறளே. அந்நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. வெஃகாமை 18ஆம் அதிகாரம். அழுக்காறாமையை அடுத்து இல்லறவியலில் நிற்கிறது. பிறர் உடைமை கண்டு பொறாமைப்படுவது மட்டுமன்றி அதைக் கவரக் கருதுவதும் குற்றம் என்பதால் இவ்வைப்பு என்கிறார் பரிமேலழகர். அவாவறுத்தலோ 37ஆம் அதிகாரம், துறவறவியலைச் சேர்ந்தது. கொடுக்கவேண்டிய இடத்தில் கொடாமையாகிய இவறல், பொருட்பாலில் குற்றங்கடிதலுக்குள் அரசனுக்குரிய குற்றமாக வருகிறது. ஆக, ஆசையை அறவே விடும்படி சொல்லப்பட்டவர் துறவியே; இல்லறத்தானிடம் வள்ளுவர் கேட்பது அயலவன் பொருளில் கண்வையாமை. மனித இயல்பை நன்கறிந்த பகுப்பு இது.



வெஃகல் என்னும் இக்குற்றத்துக்கு ஈழத்து வன்னி மக்கள் மனத்தில் முகம் கொடுத்தது கோவலன் கதை. அரசியின் சிலம்பைத் தானே களவெடுத்துவிட்டுப் பழியைக் கோவலன்மேல் போட்ட தட்டான், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தால் ஊரறிந்தவன். மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து தங்கிய பத்தாவது இடம் வற்றாப்பளை என்பது ஐதிகம். அங்கு வைகாசிப் பொங்கலுக்காகக் கடல்நீர் எடுத்துவந்து, முதலில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைக்கிறார்கள். விளக்கு எரிவது அந்த உப்புநீரில் என்பது நம்பிக்கை. எண்ணெய் வார்ப்பதில்லை என்று அடியார்கள் உறுதியாகச் சொல்வார்கள்.

போரால் வன்னிக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் உரமும் தடைப்பட்ட 1990களில், பேராசை பற்றிய பேச்சில் பதுக்கல், கொள்ளை விலை என்ற சொற்கள் முன்னுக்கு வந்தன. போர் முடிந்த 2009க்குப் பின் கள்ள மணல் அகழ்வும் காடழிப்பும் இப்பேச்சில் சேர்ந்துள்ளன.

வெஃகல் இன்று குறள் பாடத்துக்கு வெளியே வழங்குவதில்லை. பேராசை, காசாசை என்பனவே புழக்கத்தில் உள்ளன. கொடுக்க மனமில்லாதவரை நப்பி என்பர்.